தேங்காய் நாரால் தேய்த்த செயின்

என் செல்லக் கழுதை ஏழுமலைக்கு,

பொங்கல் வருகிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, தலைத்திவசத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. மதகடிப்பட்டில் உனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் ஆகிவிட்டது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மேடையில் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். உன் கண்ணீர் அஞ்சலி பேனரை அம்மா மாட்டுக்கொட்டகையில் உன் மினி பைக்கின் மேல் போர்த்தி வைத்திருக்கிறாள். உன் மூக்கின் மேல் கோழி எச்சம்.

செத்தவனிடம் இப்படியா பேசுவது என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். இவன் என் தம்பி. உயிரோடு இருந்தபோதும் இவனிடம் இப்படித்தான் பேசினேன். செத்துப்போனான் என்பதற்காகத் திடீரென்று மரியாதை கொடுத்தால் இவனுக்கே பிடிக்காது.

உன்னைத் தெரியாதவர்களுக்காக அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தவளக்குப்பத்தில் உன் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே கழித்துப்போட்ட மொபெட் இன்ஜினையும் பழைய ஸ்கூட்டர் சக்கரங்களையும் பொறுக்கிக்கொண்டுபோய் நீயே வெல்டிங் வைத்துச் செய்த குட்டி பைக் அது. ஆறடி ஆள் நீ, உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடும். பாகூர் ஏரிக்கரையில் நீ அதில் போகும்போது களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். உனக்கு அதில் ஒரு பெருமை. மாட்டை விற்ற கொட்டகையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினாய்.

போன மாட்டுப்பொங்கலுக்கு அம்மா அந்த வண்டியைக் குளிப்பாட்டினாள். மாடு இல்லாவிட்டால் என்ன, கொட்டகையில் நிற்கிறதுதான் மாடு என்றாள். கொம்புக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாக்களைத் திறந்து, ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமும் அடித்தாள். மாலை போட்டாள். நீ அதைப் படமெடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். நாங்கள் சிரித்தோம். அந்தப் படத்தை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே செயின் சத்தம் போடுகிறது என்று பட்டறைக்கு வந்தாய். சத்தம் அடங்கட்டும் என்று பழைய கறுப்பு எண்ணெயை அதன்மேல் வழிய வழிய ஊற்றியிருந்தாய். உன் மாமா பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் செயின் விறைத்து நின்றது, இன்னும் கொஞ்சம் சுற்றினால் தொங்கியது. எங்கே சுற்றினாலும் ஒரே அளவாக இருக்க வேண்டியது இப்படி இருந்தால் எங்கேயோ கோளாறு, கழற்றிப் பார்க்கணும், வண்டியை விட்டுவிட்டுப் போ என்றார். கேட்டாயா நீ? கரும்பு வெட்டு நடக்கிறது, சும்மா முடுக்கிக் கொடு மாமா என்றாய். அம்மா செயினுக்கு என்ன செய்தாள் என்பதை வாயைத் திறந்து சொன்னாயா?

பட்டறையில் காசு வாங்கிப்போடுவது நான், அன்று கவுன்டரில் கூட்டம், அவர் முடுக்கியதை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட செயினை விறைத்து நிற்கும் இடத்தில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும் என்று என்னையும் சேர்த்து அவரிடம் வேலை கற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். தொங்கும் இடத்தில் வைத்து இழுத்து முடுக்கினால், விறைப்பான இடம் வரும்போது செயினுக்குப் போக இடமிருக்காது, துள்ளிவிடும். இனியும் சத்தம் வரும், பொறுத்துக்கோ, வெட்டு முடிந்ததும் கொண்டு வா என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. நீ தலையாட்டினாய். போகும்போது ஒரு ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய்.

மறுநாள் ஏரிக்கரையில் செயின் துள்ளி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, நீ மதகுக் கல்லில் தலை மோத விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையைக்கூட யாருக்கும் வைக்கவில்லை.

உன் பேன்ட் பையிலிருந்த ஸ்பேனரை யாரோ எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்கள். அவள் அதைத் தூக்கிக் காட்டி, “பாருங்க, மருமவன் பட்டற ஸ்பேனரு. அவன் முடுக்கின செயினுதான் எம்புள்ளையத் தின்னுச்சி” என்றாள். உன் மாமா உன்மேல் போட்ட கோடித்துணியை உருவித் தெருவில் எறிந்தாள். அவர் குனிந்து அதை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சுடுகாடு வரைக்கும் கூட்டத்துக்குக் கடைசியில் நடந்துவந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

பாகூர்க்காரர்கள் பட்டறைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். அது போகட்டும். அவரே அம்மா சொன்னதை நம்ப ஆரம்பித்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், கை நின்றுவிடும். “அஞ்சல, அன்னிக்கி நான் எந்த எடத்துல வெச்சி முடுக்கினேன்?” என்பார். எனக்கெப்படித் தெரியும்? விறைத்த இடமா, தொங்கிய இடமா, அவருக்கே ஞாபகம் நிற்கவில்லை. செயின் வேலை எது வந்தாலும் வேறு கடைக்கு அனுப்பிவிடுவார். ஒரு வருஷம் என் புருஷன் தன் கையைத் தானே பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். உனக்கு அங்கே நிம்மதியாக இருந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் பாகூருக்குப் போனேன். திதிக்குச் சாமான் வாங்குவது பற்றிப் பேச வந்ததாக அம்மா நினைத்தாள். நான் நேரே கொட்டகைக்குப் போய் உன் மூஞ்சி போட்ட பேனரை உருவி ஓரமாகப் போட்டேன். வண்டி முழுக்க அன்றைய ஏரிக்கரைச் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

முதலில் நட்டைப் பார்த்தேன். உன் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சக்கரத்து நட்டை முடுக்கினாலும் நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். பிறகு யாராவது நட்டைத் திருப்பியிருந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தேன். இரும்பில் ஒரு கோடு, நட்டில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி.

ஏழுமலை, நீதானே திருப்பினாய்? சத்தம் பொறுக்கவில்லை, களை எடுக்கிற பெண்கள் முன்னால் வண்டி கடகடவென்று ஆடினால் உனக்குக் கௌரவக் குறைச்சல். கையில் ஸ்பேனர் வேறு. வண்டியை நிறுத்தி, தொங்கிய இடத்தில் வைத்து இழுத்து முடுக்கியிருக்கிறாய். ஊருக்கு எடுத்துக்காட்ட அம்மா சாமி மாடத்தில் வைத்திருந்த அந்த ஸ்பேனரைக் கொண்டுவந்து நட்டில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செயின் ஏன் விறைத்தது என்று பார்க்காமல் எனக்குத் திரும்பிவர மனசில்லை. கழன்று கிடந்த செயினை மாட்டி, விறைத்து நின்ற இடத்தில் ஒரு கண்ணியில் நூல் கட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். பல்சக்கரம் கோணலாக இருந்தால், சக்கரம் ஒவ்வொரு முறை அதே இடத்துக்கு வரும்போதும் விறைக்கும். அப்படி விறைக்கவில்லை. சக்கரம் எங்கே இருந்தாலும் நூல் கட்டிய பக்கம் பல்லில் ஏறும்போதுதான் விறைத்தது. அப்படியென்றால் கோளாறு செயினில்தான். கழற்றிக் கையில் தொங்கவிட்டேன். அந்த இடத்தில் சில கண்ணிகள் மடங்காமல் கோணிக்கொண்டு நின்றன. ஊசியால் நோண்டினால் இணைப்புக்குள்ளே பச்சை. காய்ந்து கல்லாகிப்போன கொம்புப் பெயிண்ட்.

போனை எடுத்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாலைக்குக் கீழே செயின் முழுக்கப் பச்சை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. வண்டி முழுக்கச் சேறு இருக்கிறது, செயினில் மட்டும் ஏன் இல்லை? நீ ஊற்றிய எண்ணெய் எங்கே? மேல்பக்கத்துப் பச்சை எங்கே? லேசாகத் துருப்பிடித்திருந்ததே தவிர, தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. ஒரு கண்ணியின் இடுக்கில் தேங்காய் நார் இழை ஒன்று மாட்டியிருந்தது. அந்த வீட்டில் நார் வைத்துத் தேய்க்கிறவள் ஒருத்திதான்.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நாரை எடுத்துக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“வண்டியத் தள்ளிக்கினு வந்து போட்டாங்க இல்ல, அன்னிக்கே செயின எடுத்து மடக்கிப் பாத்தேன். மடங்கல. கழுத்துக் கவுறு மாதிரி இருக்கட்டும்னு நாந்தான பச்ச அடிச்சேன்” என்றாள். “பெத்தவளே கொன்னான்னு ஊரு சொன்னா நான் எப்புடிடி இருப்பேன்? உம்புருசன் ஆம்பள, தாங்குவான். யாரு மேலயாவது போட்டாத்தான எனுக்கு சோறு எறங்கும்?”

“நல்லா எறங்கிச்சாம்மா?” என்று கேட்டேன்.

நான் செயினை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பெயிண்ட் அடித்தவளை மன்னிக்கலாம், ஆசையில் அடித்தாள். அவள் மனசு நோகும் என்று அதைச் சுரண்டாமல் எண்ணெயை ஊற்றி மறைத்த முட்டாளையும் மன்னிக்கலாம். நாரை எடுத்துத் தேய்த்தாளே, தேய்த்துவிட்டு வந்து கோடித்துணியை உருவினாளே, அந்தக் கையை என்ன செய்வது?

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்டைப் பற்றியோ நாரைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. “நட்டு திரும்பியிருந்திச்சா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பட்டறையில் உட்கார்ந்தார். அடுத்த நாள் ஒரு பால்காரர் வண்டிக்குச் செயின் மாற்றினார். வேறு கடைக்கு அனுப்பவில்லை, அவரேதான் மாற்றினார். அத்தையை விட்டுவிடு என்று சொல்வார், அவர் நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. “ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிடு” என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்க எழுதுகிறேன். முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். உன் திதியன்று வண்டி வாசலில் நிற்கும். மஞ்சள் கோட்டை அழிக்க மாட்டேன், வருகிறவர்கள் குனிந்து பார்க்கட்டும். அம்மா எறிந்த அதே கோடித்துணியை உன் மாமா பத்திரமாக வைத்திருக்கிறார். அதை உன் படத்துக்குப் போடுவார், அம்மா பக்கத்தில் நிற்பாள். அன்று சாயங்காலமே அவளைத் தவளக்குப்பத்துக்குக் கூட்டிவந்துவிடுவேன். கடைசிவரைக்கும் என்னோடுதான் இருப்பாள், ஒரு வேளை பட்டினி போட மாட்டேன். தினமும் உன் மாமா கையால் அவளுக்குச் சோறு போடச் சொல்வேன். எதிரில் உட்கார்ந்து, இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்காமலே போன தம்பிக்கு,
உன் அக்கா,
அஞ்சலை