எடுத்த மூச்சு

செப். 17, 2002. செவ்வாய்

வெயில். மின்விசிறியை நிறுத்தினால் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. ஓடவிட்டால் அதன் சத்தம் மைக்கில். ஆகவே நிறுத்தம்.

இன்றும் கேபிள் சுற்றும் வேலை. சென்னையில் பெரிய ஸ்டுடியோக்களில் பாட்டுப் பதிவு செய்த மனிதர் அண்ணாச்சி. இங்கே கோவில்பட்டியில், பருத்தி விதைக் கடை மாடியில், முட்டை அட்டை ஒட்டிய அறையில் எனக்குக் கற்றுத் தருவது இது.

“முழங்கையில சுத்தாதலே. என்ன, கெணத்துக் கயிறா அது?”

அண்ணாச்சி என்று ஒவ்வொரு தடவையும் எழுத அலுப்பு. இனி அ.

வீட்டில் அப்பா மறுபடி ஆரம்பித்தார். “கேசட்டு அட்டையில ஒன் பேரு வரட்டும். வந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலன்னா தை மாசம் சித்தப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதப் போ.” நியாயமாகத்தான் பேசுகிறார். அதுதான் எரிச்சல்.

சோப்பு வாங்க மறந்தேன்.

செப். 20, வெள்ளி

அ. பயன்படுத்தும் சொற்கள். நான் படித்த எந்த ஒலிப்பதிவுப் புத்தகத்திலும் இல்லாதவை:

கஞ்சி – கீழ்ச் சத்தங்கள் கலங்கிக் கிடப்பது (ஊகம்)
வெளிச்சம் – மேல் சத்தம் அதிகம்? சில சமயம் பாராட்டு, சில சமயம் வசவு
நின்னு பாடுது – தெரியவில்லை. பாடகர் உட்கார்ந்திருந்தார்
மண்ணு – சுத்தமாகத் தெரியவில்லை

“கொரல்ல மண்ணு பத்தல” என்றார் காலையில். கேட்டேவிட்டேன்.

“மண்ணுன்னா எத்தன ஹெர்ட்ஸ் அண்ணாச்சி?”

“கரிசலா செவலான்னு கேக்காம விட்டியே.”

அவரே சிரித்துக்கொண்டார். விளக்கம் இல்லை. எம்.ஏ.வில் சொல்லும் பொருளும் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பேராசிரியரிடம் நல்ல பெயர் வாங்கியவன் நான். இங்கே ஒரு சொல்லுக்கும் பொருள் கிடைக்கவில்லை.

செப். 24, செவ்வாய்

தலைவலி. புதியம்புத்தூர் ரெடிமேட் கடைக்கு விளம்பரம். குரல் கொடுக்க வந்தவர் ‘அரிய வாய்ப்பு’ என்று சொல்லும்போதெல்லாம் கடைசி எழுத்தை மைக்கின்மேல் துப்பினார். ஸ்பீக்கரில் யாரோ கதவை உதைப்பதுபோலக் கேட்டது. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் மைக்கைத் தொட்டேன்.

“கைய எடு.”

எடுத்தேன். அ. வந்து மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வைத்தார். சரியாகிவிட்டது.

“நானும் அதத்தான அண்ணாச்சி செய்யப் போனேன்?”

“போன. செஞ்சியா?”

சாப்பிடும்போதும் இதே நினைப்பு. அம்மா இரண்டு தடவை ரசம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். காதில் விழவில்லை.

அக். 1, செவ்வாய்

நடந்தேவிட்டது!

மீரான் பாய். பள்ளிவாசல் பக்கம் அத்தர், தொப்பிக் கடை வைத்திருப்பவர். கல்யாண வீடுகளில் பாடுவார். சொந்தச் செலவில் பக்திப் பாட்டுக் கேசட் போடுகிறார். நோன்பு தொடங்கும் முன் கடைகளுக்கு வந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை பதிவு. அன்றைக்கு அ. ஊரில் இல்லை, விளாத்திகுளத்தில் தங்கை வீட்டு விசேஷம்.

பையைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கியவர் நின்றார்.

“ஏலே, வெள்ளிக்கெழம நீயே எடு. கொரல் மட்டும் போதும். தாளம், கீபோர்டு நான் வந்து சேத்துக்கிடுதேன். பாய்க்கு மூச்சு பெருசு. அதையும் எடுத்துரு. விட்டுராத, என்ன?”

“சரி அண்ணாச்சி.”

பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். நான் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக். 4, வெள்ளி

ஜும்மா முடிந்து பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். அறை முழுக்க இப்போதும் அதே மணம்.

காற்று அடிக்காமல் இருக்க மைக் முன் எம்ப்ராய்டரி வளையத்தில் கொசுவலைத் துண்டு கட்டி வைத்தேன். லெவல் பார்த்தேன். என்னை யாரும் கையை எடு என்று சொல்லவில்லை.

பாய் பாடுகிறார். குரல் கனம், சுருதி பிசகவில்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கு முன்னும் கொல்லன் துருத்தி திறப்பதுபோல ஓர் இழுப்பு. ஹெட்போனில் அது குரலைவிடப் பெரிது.

“ஒரு காலத்துல ஒரே மூச்சுல நாலு வரி பாடுவேன் தம்பி. இப்ப ஒரு வரிக்கு நாலு மூச்சு. ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய.”

“எடுத்துருவோம் பாய். கவலப்படாதீங்க.”

எல்லாப் பாட்டும் முடிந்தது. போகும்போது என் மணிக்கட்டில் அத்தர் தடவிவிட்டார்.

அக். 7, திங்கள்

மேகம். தீப்பெட்டி ஆபீஸ்களில் காயப்போட்ட குச்சிகளை உள்ளே அள்ளுகிறார்கள். மழை வரவில்லை.

சனிக்கிழமையிலிருந்து மூச்சு நீக்கும் வேலை. கம்ப்யூட்டர் திரையில் குரல் மலைபோல நிற்கிறது. மூச்சு அதன் அடியில் முளைத்த புல். ஒவ்வொன்றாகப் பிடித்து மௌனமாக்கினேன். குரலின் விளிம்பு வெட்டுப்படக் கூடாது, இடைவெளியும் சுருங்கக் கூடாது. கண் எரிகிறது. ஆனாலும் சந்தோஷம். முதல்முறையாக இந்த அறையில் நான் ஒரு வேலையைத் தெரிந்து செய்கிறேன்.

கீபோர்டு சேர்க்க ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை. முதலில் எடுத்த பதிவுகளை அழித்தேன். சுத்தம்.

அக். 9, புதன்

அ. வந்தார். ஹெட்போன் மாட்டினார். கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூச்சு எங்கலே?”

“எடுத்துட்டேன் அண்ணாச்சி.”

“எடுத்த, சரி. எங்க? கேக்கலயே.”

“எடுத்துட்டேம்லா. அதான் கேக்கல.”

“கேக்கலன்னா என்னத்த எடுத்த?”

“மூச்சத்தான் அண்ணாச்சி. ஒண்ணுவிடாம.”

ஹெட்போனைக் கழற்றினார்.

“ஏ பாவி! பதிவு பண்ணச் சொன்னேம்லே. மூச்சையும் சேத்து எடுன்னேன். வெட்டி எறியவா சொன்னேன்? மொதல்ல எடுத்தது இருக்கா?”

“அழிச்சுட்டேன்.”

“ஏம்லே?”

“எடம் இல்ல.”

திட்டுவார் என்று நின்றேன். சிரித்தார். திட்டியிருக்கலாம்.

“செத்தவன் பாடுத மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நானும் கேட்டேன். அவர் சொன்னது சரி. இரண்டு அடிகளுக்கு நடுவில் ஆளே இல்லை. ஒரு வாய் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். மூன்று நாளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை, பார்த்திருக்கிறேன். திரையை.

கையை எடு – அகற்று.
பாட்டை எடு – பதிவு செய்.
மூச்சை எடு – ?

‘விட்டுராத’ என்றும் சொன்னார். அதுவும் இரண்டு பக்கமும் சாய்கிற சொல். பதிவு செய் என்ற சொல் அவருக்குத் தெரியாமல் இல்லை. கோபம் வந்ததும் அதைத்தானே சொன்னார்? முதலிலேயே சொன்னால் என்ன?

அக். 10, வியாழன்

என் மூச்சையே மைக்கில் பதிவு செய்து இடைவெளிகளில் ஒட்டிப் பார்த்தேன். அறுபது தாண்டிய குரலுக்கு இருபத்து நாலு வயது மூச்சு. பாய்க்குப் பின்னால் யாரோ திருடன் ஒளிந்து நிற்பதுபோல இருக்கிறது. எடுத்துவிட்டேன். (எடுத்துவிட்டேன்!)

சாயங்காலம் பாய் கடைக்குப் போனேன். இன்னொரு தடவை பாட முடியுமா என்று கேட்டேன்.

“நோன்புக்குள்ள ரெண்டு கல்யாண வீடு இருக்கு தம்பி. தொண்டையக் காப்பாத்தணும். ஏன், எடுத்தது என்னாச்சு?”

நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன். சனிக்கிழமை வந்து கேட்கிறேன் என்றார்.

அக். 12, சனி

பாய் கேட்டார். அ. செய்தித்தாளுக்குப் பின்னால்.

முதல் பாட்டு முடியும்வரை பாய் அசையவில்லை. பிறகு, “இது நானா, வே?” என்றார் அ.வைப் பார்த்து. “இளைப்பே இல்லயே. முப்பது வயசு கொறஞ்சு போச்சே. யாரு செஞ்சா?”

அ. தாடையால் என்னைக் காட்டினார்.

“பாய், இது தப்பா நடந்துட்டு. உங்க மூச்சு பூராம் போயிட்டு. அது இல்லாம பாட்டு…”

“மூச்சக் கேக்கவா காசு குடுத்துக் கேசட்டு வாங்குதான்? அதத்தான் என் வீட்டுக்காரி தெனமும் கேட்டுட்டு வெளிய போய்ப் படுங்கா. இப்பிடியே இருக்கட்டும். அட்டையில தம்பி பேரப் போட்டுருங்க அண்ணாச்சி.”

அ. முடியாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் ஸ்டுடியோ, அவர் காது.

செய்தித்தாளை மடித்தார். “பாய் கேசட்டு. பாய் சொன்னாச் சரி. பேரு போடுவோம்.”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பா முகம் ஞாபகம் வந்தது. தீப்பெட்டி ஆபீஸின் மருந்து வாடையும். சொல்லவில்லை.

அக். 23, புதன்

மழை. தெருவெல்லாம் கரிசல் சகதி. செருப்பு ஒவ்வொன்றும் ஒரு படி கனம்.

கேசட் வந்துவிட்டது. பச்சை அட்டை. ஒலிப்பதிவு என்று போட்டு என் பெயர். எழுத்துப் பிழை இல்லை.

அப்பா கடையில் போய் ஐந்து வாங்கி வந்திருக்கிறார். நாங்கள் கேட்கிற பாட்டும் இல்லை. இருந்தும் டேப் ரெக்கார்டரில் போட்டுவிட்டு அதன் முன் உட்கார்ந்தார்.

“இதுல ஒன் வேல எதுலே?”

“வரிக்கும் வரிக்கும் நடுவுல வருதுல்லா, அது.”

காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

“ஒண்ணுமே கேக்கலயே.”

“ஆமாப்பா.”

அவருக்குச் சந்தோஷம்தான். பக்கத்து வீட்டுக்கு ஒன்று கொடுக்கப் போனார். கணக்கு எழுதும் பேச்சு இனி இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அக். 29, செவ்வாய்

கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பாட்டு போட எட்டயபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். “மீரான் பாய்க்குச் செஞ்ச மாதிரியே மூச்சு இல்லாம வேணும்.”

“அதுக்குத் தம்பி இருக்காவ. அவியகிட்டயே பேசுங்க” என்றார் அ.

இருக்காவ. அவிய. இந்த மரியாதை கிண்டல் என்று நினைத்தேன். பிறகு நான் உள்ளே போனபோது மிக்சர் முன்னால் இருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். “வாங்க. உக்காருங்க.” குரலில் கிண்டல் துளியும் இல்லை.

“ஏலேன்னே கூப்பிடுங்க அண்ணாச்சி.”

“அது படிக்க வாரவனுக்கு.”

“நான் இன்னும் ஒண்ணுமே படிக்கலயே.”

“இனிமே தேவப்படாது.”

ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். மண்ணு என்றால் என்ன என்று இனி அவரிடம் கேட்க முடியாது. நாற்காலி அவர் உயரத்துக்கு இருக்கிறது. கால் தரையில் சரியாகப் படவில்லை.

நவ. 2, சனி

தீபாவளிக் கூட்டம். கடைத்தெருவில் ஒலிபெருக்கிகள். கதவிடுக்கில் போர்வையைச் செருகினேன்.

எட்டயபுரத்துக்காரரின் கொடைப் பாட்டு. பாட வந்தவள் முத்துலட்சுமி, விளாத்திகுளம் பக்கம். இதுதான் முதல் பதிவாம். அ. டீக்கு என்று போனவர் வரவில்லை. பதிவு முடியும்வரை வரமாட்டார் என்று தெரியும்.

மைக் முன் நிற்கவைத்தேன்.

“மூச்சு சத்தம் கேட்டாத் தப்புன்னாவ. நடுவுல விடாமப் பாடணுமாண்ணே?”

“யாரு சொன்னா?”

“அவியதான். எட்டயபுரத்து மாமா.”

“மூச்ச நல்லா வாங்கிப் பாடுங்க. நான் எடுத்துருதேன்.”

தலையாட்டினாள். அவளுக்கு என்ன புரிந்ததோ? மைக்கை ஒரு சாண் அவள் பக்கம் நகர்த்தினேன். சிவப்பு விளக்கு. முதல் அடிக்கு முன் அவள் இழுத்த மூச்சு, ஹெட்போனில், பயந்து, பாதியில் தடுக்கி. லெவலை ஏற்றினேன். பாடத் தொடங்கினாள்.

தெருவில் சரவெடி.

நிறுத்தினேன்.

“எடுத்தாச்சாண்ணே?”

“இல்ல. இன்னொரு தடவ.”

“மொத வரியிலருந்தா?”

“மூச்சுலருந்து.”