உச்சியில் இரட்டைத் தையல்

ஜூன் 3, செவ்வாய்
சமையலறை மேஜை முழுக்கப் பச்சை நைலான் துணி. இவர் ஆறு நாள் துடுப்புப் படகில் காட்டு ஏரிகளைச் சுற்றப் போகிறாராம். கூடாரம் வாங்கமாட்டாராம். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, மேலே தார்ப்பாய் போட்டுத் தூங்குவாராம். அதைத் தைக்க மட்டும் நான் வேண்டும். கூட வர வேண்டாம். தனியாம்! இருபத்திரண்டு வருஷமாக, தெருமுனைக் கடைக்குக்கூட "வர்றியா?" என்று கேட்காமல் போகாத மனுஷன். ஏன் என்றேன். "சும்மாதான்" என்றார். சும்மா யாராவது காட்டுக்குப் போவார்களா?

ஜூன் 4
கார் சீட் கவர் தைக்கிற எங்கள் கடையில், பக்கத்து மெஷின் அக்காவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அம்பது வயசுல ஒரு ஆம்பள தனியா காட்டுக்குப் போறான்னா, ஒண்ணு சாமியாரா ஆகணும், இல்ல வீட்டுல சண்டையா இருக்கணும். உங்க வீட்டுல எது?" சிரித்துவைத்தேன். சண்டை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 7
தைத்து முடித்தேன். இரண்டு துணியும் சேருகிற உச்சி மூட்டில் இரட்டைத் தையல், சீட் கவருக்குப் போடுகிற மாதிரியே. கோபத்திலும் கை நேராகத்தான் ஓடுகிறது. இவர் பழைய பால் டின்னில் ஓட்டை போட்டு அடுப்பு செய்கிறார். எல்லாம் இடது கையால். வலது தோளில் போன வருஷம் ஆபரேஷன். கேட்டால், "அதெல்லாம் சரியாயிடுச்சு." நிஜமாகவா? என்னிடம் எதை மறைக்கிறார்?

ஜூன் 8
வீட்டுப் பின்புறம் தார்ப்பாயைக் கட்டி, இவர் கீழே படுத்தார். நான் ரப்பர் குழாயால் மேலே தண்ணீர் அடித்தேன். இரண்டே நிமிஷம். "ஐயோ நிறுத்து, மூக்குலயே விழுது!" சீட் கவருக்கு இரட்டைத் தையல் அழகு. மழைக்கு ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஒழுகல். அதை உச்சியில் போட்ட என் புத்தியை என்ன சொல்ல! விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஈர முகத்தைத் துடைக்காமலே சொன்னார்: "ஒரு ஏரியிலேர்ந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தூக்கிட்டு நடக்கணும். தோள் தாங்குமான்னு தெரியல. நீ பாத்துட்டிருந்தா, செத்தாலும் முடியலன்னு சொல்லமாட்டேன். தனியா இருந்தா திரும்பிடுவேன்."

இது அனுப்பிவைக்கக் காரணமா, தடுக்கக் காரணமா? ஒன்றும் புரியவில்லை. குழாயை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 10
துளைகள்மேல் சிலிக்கான் பசை தடவினேன். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. போகாதீங்கன்னு சொன்னா கேட்பார். அதனாலதான் சொல்ல வாய் வரமாட்டேங்குது — நான் என்ன மாதிரி பொண்டாட்டி?

ஜூன் 14
போய்விட்டார்.

ஜூன் 15
மழை. பசை காய்ஞ்சிருக்குமா? தோள்? பேசாம கூடப் போயிருக்கலாம். போயிருந்தா விழுற வரைக்கும் தூக்கியிருப்பார். ஐயோ.

ஜூன் 16
காலையில் படகுத்துறையிலிருந்து போன். "முதல் தடவை தூக்கும்போதே... முடியலம்மா. திரும்பி வந்துட்டேன்." தோள் வலிக்குதா என்று கேட்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. வருத்தமா சந்தோஷமா, தெரியவில்லை. கூட்டிவரலாம் என்று அரைநாள் விடுப்பில் பஸ் ஏறினேன்.

துறையில் படகு தண்ணீரிலேயே கிடந்தது. "தூக்காம, இந்த ஒரு ஏரியை மட்டும் சுத்தலாமா? வலது கை ஓயுதுன்னா சொல்றேன், நீ துடுப்பு போடு" என்றார். எனக்குத் துடுப்பைப் பிடிக்கவே தெரியாது என்றேன். "தெரியும், உக்காரு."

கடைக்கு போன் செய்து இன்னும் மூன்று நாள் விடுப்பு கேட்டேன்.