பால் வரிசையில் நின்ற செங்கற்கள்

இன்று காலை அடுக்களை ஜன்னல் வழியாகத் தார் வாசனை வந்தது. கடுங்காப்பிதான் குடித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை ஆளுக்குப் பால் வாங்கி, அது பாதி திரிந்து, யாருக்கு என்ன லாபம்? எட்டிப் பார்த்தால், பால் பூத்துக்கு எதிரே ரோட்டைக் கொத்திப்போட்டு, இரண்டு பக்கமும் நடைபாதையை வெளியே நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் வேகத்தடைக்குத் தார் ஊற்றுகிறார்கள். நீ கேட்டாயே, அதே இடம். எதிர் பிளாக்கைப் பார்த்து உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். உன் பால்கனியில் வேறு யாரோ குளிருக்குப் போர்த்தும் ரஜாய் காய்ந்துகொண்டிருந்தது.

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. நீங்கள் மாற்றலாகிப் போன நாகபுரியிலிருந்து உன் மனைவி இன்லாண்டுக் கடிதம் போட்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. படித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மறுபடியும் படித்தேன். இந்தத் தலைநகரத்துச் சரோஜினி நகரில் என்னை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டவன் நீ ஒருத்தன்தான். இரண்டு வயது மூப்புக்கு அவ்வளவு மரியாதை அதிகம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லுக்குக் காது ஏங்குகிறது.

உன் மனைவி கையை ஒடித்துக்கொண்ட அந்தக் காலையில்தான் எல்லாம் தொடங்கியது. பால் வரிசை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே ஆளுக்கொரு கல்லையோ பையையோ பூத் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வண்டியின் ஹாரன் கேட்டதும் நாலு பிளாக் பெண்களும் காலிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடுவார்கள். மண்டிக்குப் போகும் லாரிகளும் காலிப் பஸ்களும் தலைதெறிக்க வருவது அந்த நேரத்தில்தான். அன்று ஒரு ஸ்கூட்டர் அவளைத் தட்டிவிட்டது. மணிக்கட்டு முறிந்து, இரண்டு மாதம் அவளால் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை.

நாம் இரண்டு பேரும் ஆபீசில் சாலைப் பிரிவு. நீ ஜூனியர் இன்ஜினியர், நான் வரைபடம் போடுகிறவன். அந்த ரோட்டின் போக்குவரத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தாய். எட்டு மணிக்குத்தான் ஆரம்பித்தது. நம் படிவமே அப்படி.

“நாம வண்டியத்தான் அண்ணாச்சி எண்ணுதோம். எட்டு மணிக்கு முன்னால ரோட்டுல மனுசனே கெடையாதுன்னு எழுதி வச்சிருக்கோம்,” என்றாய். முகமெல்லாம் சிவந்திருந்தது.

மெதுவாகச் செல்லவும் என்று ஒரு போர்டு வைத்தால் போதாதா என்று கேட்டேன். “போர்டை எவன் படிக்கான்? ரோட்டை ஒடுக்கிட்டா அவனே பிரேக்கை அமுக்குவான். கடக்குத பொம்பளைக்கும் பாதித் தூரம் மிச்சம்,” என்றாய். நான் பென்சிலைச் சீவினேன். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தோம். என் வாழ்நாளில் ஆசைப்பட்டுப் போட்ட வரைபடம் அது ஒன்றுதான்.

கட்டுவதற்கு முன் பத்து நாள் சோதனை செய்து பார்க்க அனுமதி வாங்கினாய். காலித் தார் டிரம்கள் நாலு. மீதிக்குச் செங்கற்களை வெள்ளையடித்து, நீட்டப்போகும் நடைபாதையின் விளிம்பு மாதிரி வளைவாக அடுக்கினோம். நான் என் புத்தியைக் காட்டி, ஒவ்வொரு செங்கல்லிலும் நம்பர் எழுதினேன். முதல் இரண்டு நாள் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. லாரிக்காரன் தூரத்திலேயே கியரைக் குறைத்தான். பெண்கள் நடந்து கடந்தார்கள். நீ என் தோளில் தட்டிக்கொண்டே இருந்தாய், வலித்தது.

மூன்றாம் நாள் பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். பாதி வளைவைக் காணோம். நம் கண் முன்னாலேயே ஒரு டாக்ஸி அந்த இடைவெளி வழியாகச் சர்ரென்று போனது. செங்கல் எங்கே என்று தேடினால், அத்தனையும் பால் வரிசையில் நிற்கின்றன. என் கையெழுத்தில் ஏழு, அதற்குப் பின்னால் பன்னிரண்டு, அப்புறம் மூன்று. உன் கீழ்வீட்டுப் பஞ்சாபி மாமி ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “பையா, ஆப்கீ ஈண்ட் படீ மஜ்பூத் ஹை,” என்று நம் செங்கல்லின் உறுதிக்கு நற்சான்று கொடுத்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. நீதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “கல்லு கண்ட எடத்துல எடுக்கத்தான் செய்வாக. தப்பு நம்ம மேல. க்யூவுக்குன்னு தனியா ஒரு குவியல் ஒடைஞ்ச செங்கல் போட்டுட்டா நம்ம கல்லைத் தொடமாட்டாக. மறுபடியும் வச்சுப் பாப்போம் அண்ணாச்சி,” என்றாய். எவ்வளவு எளிய யோசனை! இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே உன் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து நீ திருநெல்வேலிக்குப் போனாய். இனி எழுதுவதை உன் முகத்தைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை. நீ போன நாலாம் நாள் அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். பொதுமக்கள் ஒத்துழைக்கவில்லை, சோதனை தோல்வி, திட்டம் தேவையில்லை என்று டைப் அடித்து வைத்திருந்தார். கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஊரிலிருந்து வந்துவிடட்டுமே சார் என்றேன். “உங்கள் பெயர் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் பதவி உயர்வுப் பட்டியலில் இருக்கிறது, இல்லையா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பெருங்கோழை நான். அந்த உத்தியோகமும் எனக்குக் கிடைத்தது.

நீ மொட்டைத் தலையோடு திரும்பி வந்து கோப்பைப் பார்த்தாய். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தாய். மூடி வைத்துவிட்டு, “சரி,” என்றாய். சண்டை போட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இரண்டு நாளில் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை ஹாரன் கேட்டபோது நீ கம்பளி மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றாய். கையைத் தூக்கினாய். பஸ் நின்றது. பெண்கள் எல்லோரும் கடந்து முடிந்ததும் கையை இறக்கிவிட்டு, நீயும் போய் உன் பாட்டிலை வாங்கிக்கொண்டாய். அதற்கு மறுநாளும் நின்றாய். இரண்டு குளிர்காலம் அப்படி நின்றாய். பனிமூட்டத்தில் உன்னையே தெரியாத நாட்களில் கையில் டார்ச் இருந்தது. நான் இந்த ஜன்னலில் காப்பி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்து பார்த்தால் திரைக்குப் பின்னால் நகர்ந்துவிடுவேன்.

நாகபுரிக்கு மாற்றலாகி நீ ரயில் ஏறியபோது, பெட்டிகளை அடுக்கிவிட்டு என்னிடம் வந்தாய். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நான் தொண்டையைக் கனைத்தேன். நீயே முந்திக்கொண்டாய். “கையெழுத்துப் போட்டதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. குடும்பஸ்தன் எவனும் போடுவான். நீங்க ஒருநா கீழ எறங்கி வருவியன்னு பாத்தேன்.” வண்டி நகர்ந்துவிட்டது. நான் கையைக்கூட அசைக்கவில்லை.

அப்புறமும் நான் இறங்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில், ஏஷியாடு விளையாட்டுப் போட்டிக்காக ரோடுகளை எல்லாம் வழவழவென்று போட்ட பிறகு, ஒரு மினி லாரி அந்தப் பஞ்சாபி மாமியை அடித்துப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நீ இங்கே யார் யார் சௌக்கியம் என்று கேட்டுப் பொங்கலுக்குப் பொங்கல் எழுதுவாய். எல்லோரும் சௌக்கியம் என்றுதான் பதில் போட்டேன். மாமியையும் சேர்த்துத்தான்.

என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் சத்தமே இல்லை. ரேடியோவைப் போட்டால் அதுவும் இந்தியில் பேசுகிறது. அடுத்த வருஷம் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

இன்று கீழே இறங்கினேன். தார் இளகியிருந்ததால் கடப்பவர்கள் தயங்கினார்கள். வந்த வேன் ஒன்றைப் பார்த்து நானும் கையைத் தூக்கினேன். நின்றது. ஐந்தாறு பேர் கடந்தார்கள். கடைசியாக வந்தவள் பஞ்சாபி மாமியின் மருமகள். பால் கவரைப் பையில் போட்டபடி என்னைக் கூர்ந்து பார்த்து, இந்தியில் கேட்டாள்: “முன்பெல்லாம் தினமும் இங்கே நின்று வண்டியை நிறுத்துவாராமே ஒரு மதராசி பாபு. மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது நீங்கள்தானே?”

தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவளுக்கு மதராசி என்றால் எல்லா முகமும் ஒன்றுதான்.

“இல்லையம்மா, அது என் நண்பன். அவன் இங்கே நிற்பான். நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்,” என்றேன்.

என் இந்தி எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மேலே என் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.