தேநீருக்கு முன் சொன்ன பதில்கள்

அனுப்புநர்:
கால்திபாய், த/பெ (போர்முனையில் காலமான) சத்தார், வயது 85,
ஓய்வுபெற்ற மந்தை மேய்ப்பர்,
மேல் தெரு, சாரி-பெல் கிராமம்,
காரா-ஜல் வட்டாரம்.

பெறுநர்:
மாகாணச் சுகாதாரத் துறைத் தலைவர் அவர்கள்,
மாகாணத் தலைநகர்.

பொருள்: காரா-ஜல் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் முன்னாள் படைவீரர்களுக்காக இருந்த மனநல ஆலோசகர் பணியிடம் நீக்கப்பட்டது – அதைத் திரும்ப வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் துறை அலுவலர் 10.04.2025 அன்று நடத்திய விசாரணை.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 04.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுத்து தெரியாது. ஏழு வயதில் பள்ளிக்கூடம் போக வேண்டியவன் மந்தைக்குப் போனேன். முப்பத்தொரு ஆண்டு கூட்டுப்பண்ணை ஆடுகளை மேய்த்தேன். எழுநூறு ஆட்டையும் முகம் பார்த்தே தாய் எது குட்டி எது என்று சொன்னவன். ஆகையால் இந்த மனுவில் வரும் நாளும் பேச்சும் தவறாக இருக்குமோ என்று தாங்கள் ஐயப்பட வேண்டியதில்லை.

1. என் மகன் பெக்தூர், வயது 60. ஆப்கானிஸ்தான் போரில் நம் படைக்கு இரண்டு ஆண்டு எண்ணெய் லாரி ஓட்டியவன். 1986 நவம்பரில் வீடு திரும்பினான். அங்கே எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “ரோடு மோசம்ப்பா” என்றான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சர்க்கரை நோய் பதினெட்டு ஆண்டாக உண்டு. சிறுநீரகம் இரண்டும் போய், நான்கு ஆண்டாக செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். துணைக்கு நான் போகிறேன்.

2. அந்தப் பிரிவில் என் மகனோடு சேர்த்துப் பதினோரு பேர், எல்லோரும் அதே போருக்குப் போனவர்கள். 2023 பிப்ரவரியில் புருல்சா என்ற மனநல ஆலோசகரைத் தங்கள் துறை அனுப்பியது. அதற்குத் தங்களுக்கு நாங்கள் நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன். தாழ்வாரத்தின் கடைசியில் அவருக்கு ஓர் அறையும் பெயர்ப்பலகையும் கொடுத்தார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒற்றைக்கால் ஓர்மோன் என்பவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “எனக்குக் காலுதான் போச்சு தங்கச்சி, தலை இருக்கு. வேணும்னா எண்ணிப் பாத்துக்க” என்றார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. அறையைப் பூட்டிவிட்டு, கூழாங்கல் வைத்து ஆடும் ஒன்பது குழிப் பலகையைக் கொண்டுவந்து கட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கையில் ஊசி. மற்றக் கை சும்மாதானே இருக்கிறது? ஆடத் தொடங்கினார்கள். ஆட்டத்தில் அவரிடம் தோற்காதவர் அந்தப் பிரிவிலேயே இல்லை, என்னையும் சேர்த்து.

3. டயாலிசிஸ் இயந்திரம் ஏதாவது கோளாறு என்றால் விடாமல் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் என் மகன் ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்துவிடுவான். இரண்டு முறை தரையெல்லாம் இரத்தம். நர்சுகள் அவனை முரடன் என்றார்கள். 2023 ஜூன் மாதம், ஆட்டத்தின் நடுவில், கல்லைக் கையில் வைத்துக்கொண்டே புருல்சா அம்மாளிடம் அவன் சொன்னான்: “முன்னாடி போன லாரியில குண்டு விழுந்துச்சும்மா. டிரைவர் ஹாரன் மேலேயே சாஞ்சுட்டான். அந்தச் சத்தம் நிக்கவே இல்ல. நான்தான் இறங்கிப் போய் அவனைத் தூக்கினேன்.” டிரைவரை இறக்கிய பிறகு, எரியத் தொடங்கிய அந்த லாரியைத் தன் லாரியால் முட்டிப் பள்ளத்தில் தள்ளினான். பின்னால் நின்ற பதினெட்டு லாரிகளுக்கும் வழி கிடைத்தது. பெற்ற நான் இதை முப்பத்தேழு ஆண்டு கழித்து, அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள், கிழவனுக்கு ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அதன் பிறகு, கோளாறு வரும்போல் தெரிந்தால் நர்சு முன்கூட்டியே, “பெக்தூர் அண்ணே, இப்ப சத்தம் வரும், நான் பக்கத்துலதான் நிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும் என புருல்சா அம்மாள் ஏற்பாடு செய்தார். இரண்டு ஆண்டில் என் மகன் ஒரு முறைகூட ஊசியைப் பிடுங்கவில்லை. ஒரு நாளும் தவறவிடவில்லை.

4. பார்வை 1-இல் கண்ட நாளன்று தங்கள் அலுவலர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். காலை ஒன்பது மணி. இன்னும் தேநீர் வரவில்லை. நின்றபடியே கட்டில் கட்டிலாகப் போய்ப் பத்துக் கேள்வி கேட்டார். தூக்கம் வருகிறதா? வருகிறது. மனம் அமைதியாக இருக்கிறதா? மலை மாதிரி இருக்கிறது. வலி உண்டா என்று ஓர்மோனைக் கேட்டார். “இல்லாத காலு எப்படி வலிக்கும் தம்பி?” என்று அவர் சிரித்தார். வலி இல்லை என்று எழுதிக்கொண்டார். என் மகன் பத்துக்கும் “நல்லாருக்கேன்” என்றான். பக்கத்தில் இருந்த என்னையும் கேட்டார். “எங்க வீட்டுல எல்லாரும் சுகம் தம்பி” என்றேன். தேநீர் வந்தபோது, மரியாதைக்கு ரொட்டியில் ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

5. ஐயா, வாசலில் நின்று கேட்கிற கேள்விக்கு நம் மக்களிடம் ஒரே பதில்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆடு நலமா, பிள்ளைகள் நலமா, உடம்பு நலமா? நலம், நலம், நலம். விருந்தாளி உட்கார்ந்து தேநீர் குடித்த பிறகுதான் உண்மை வெளியே வரும். 1969 பனிப்புயலில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆடு செத்துக் கிடந்தபோது கூட்டுப்பண்ணைத் தலைவர் குதிரையில் வந்தார். குதிரை மேலிருந்தே, “மந்தை எப்படி?” என்றார். “சுகம்” என்றேன். இறங்கி உள்ளே வந்து மூன்று கிண்ணம் தேநீர் குடித்தார். பிறகு அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. அந்தத் தம்பி பட்டணத்தில் வளர்ந்தவர். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் எழுதிக்கொண்டு போனது எங்கள் வணக்கத்தை. எங்கள் நிலையை அல்ல.

6. பார்வை 2-இல் கண்ட கடிதத்தில், நோயாளிகள் அனைவரும் நல்ல மனநிலையில் இருப்பதால் ஆலோசகர் தேவைப்படவில்லை என்று கண்டிருந்தது. புருல்சா அம்மாள் வேறு வட்டாரத்துக்கு மாற்றப்பட்டார். நர்சுகளும் மாறினார்கள். செப்டம்பர் 23 அன்று இயந்திரம் கத்தியது. யாரும் முன்னால் சொல்லவில்லை. என் மகன் ஊசியைப் பிடுங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து விட்டு விட்டு ஏழு முறை போகவில்லை. கால் வீங்கியிருக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்படியே போனால் இருதயம் நின்றுவிடும் என்று டாக்டர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். அவன் சுகம் என்று அன்று சொன்ன வாய் என்னுடையது. அதனால்தான் இந்த மனுவும் என் வாயிலிருந்து வர வேண்டும் என்று தீர்மானித்தேன்.

7. கடந்த 16.11.2025 ஞாயிறன்று அந்தப் பதினோரு பேரையும் என் வீட்டுக்கு அழைத்தேன். அனைவரும் வந்தார்கள். டாக்டர் அனுமதித்த அளவு, ஆளுக்கு அரைக் கிண்ணம் தேநீர். குடித்து முடித்த பிறகு, தங்கள் அலுவலர் கேட்ட அதே பத்துக் கேள்விகளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஜிபார் அம்மாள் வாசித்தார். பதில்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வலி பற்றி ஓர்மோன்: “இல்லாத காலுதான்யா இருக்குற காலை விட அதிகமா படுத்துது. இதைச் சொன்னா சிரிப்பாங்கன்னு நானே முதல்ல சிரிச்சு வெச்சேன்.”

ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருப்பது போதும் என்று தோன்றியதுண்டா என்பது. முதலில் என் மகன்தான், “தோணுச்சு. ரெண்டு மாசமா தோணுது. ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா அதுவே முடிஞ்சிடும்னு விட்டுட்டேன்” என்றான். ஜிபார் அம்மாள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, இதையும் எழுதட்டுமா என்று கேட்டார். “எழுதுங்கக்கா. பேரைப் போட்டே எழுதுங்க. நான் என்ன திருடிட்டா வந்தேன்?” என்றான். அடுத்து உட்கார்ந்திருந்தவர், “அப்ப என் பேரையும் போடுங்க” என்றார். பிறகு இன்னொருவர். பதினோரு பேரில் ஏழு பேர்.

என் வீட்டில், என் ரொட்டியின் முன்னால் இத்தனை துணிச்சலான ஆண்கள் இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. ஹாரன் சத்தத்தை நோக்கி நடந்தவனுக்குத் தகப்பன் என்று இரண்டு ஆண்டாகத் தலை நிமிர்ந்து இருந்தேன். ஒன்பதாவது கேள்விக்குப் பதில் சொன்னவனுக்குத் தகப்பன் என்று இன்னும் நிமிர்ந்து இருக்கிறேன்.

8. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,
(அ) 10.04.2025 அன்று பெறப்பட்ட பதில்களை ரத்து செய்து, இணைப்பில் உள்ளவற்றை எங்கள் பதிலாக ஏற்குமாறும்,
(ஆ) புருல்சா அம்மாளை, அவரால் இயலாதெனில் அவரைப் போல நான்கு மணி நேரமும் கட்டிலருகே உட்காரக்கூடிய ஒருவரை, அதே பிரிவில் அமர்த்துமாறும்,
(இ) அதுவரை இயந்திரம் கத்துமுன் சொல்லும்படி நர்சுகளுக்கு எழுத்து மூலம் உத்தரவிடுமாறும்,
(ஈ) மீண்டும் யாரையேனும் விசாரிக்க அனுப்பினால், உட்கார நேரம் உள்ளவராகப் பார்த்து அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இது பிச்சை அல்ல. அனுப்பிய இடத்துக்கெல்லாம் போனவர்களுக்கு அனுப்பியவர்கள் செய்ய வேண்டியது.

தங்கள் பதில் வரும்வரை ஒரு நாளும் தவறாமல் டயாலிசிசுக்குப் போவதாக என் மகன் மற்றப் பத்துப் பேர் முன்னிலையில் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். வாக்குக் கொடுத்து அவன் மீறியதில்லை. நாளை செவ்வாய். காலை ஆறரை வேனுக்கு இருவரும் போகிறோம். அவன் செய்ய வேண்டியதை அவன் செய்வான். மீதி தங்கள் கையில்.

இடம்: சாரி-பெல்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
கால்திபாய் (இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, இருமுறை வாசித்துக் காட்டியவர்: ஜிபார், கிராம அஞ்சலகம்.

இணைப்பு: பதினோரு பேரின் பதில்கள், ஒரு தாள். ஏழு பேர் பெயருடன்; நால்வர் பெயரின்றி.