ஒரு சாண் பின்னால்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? போகிற ஊரிலெல்லாம் அரங்கு நிறைகிறது. நம் குழுவின் பாட்டை ரேடியோவில் ஒரு நாளைக்கு நாலு தடவை போடுகிறார்கள். ஆனால் ரெக்கார்டிங்கில் நீ வாசித்த அந்தப் பிந்திய அடி மட்டும் எனக்கு வரமாட்டேன் என்கிறது. பல்லவிக்கு முன்னால், காலால் பெடலை மிதித்து அடிக்கிற பேஸ் டிரம் கொஞ்சம் தயங்கி விழுமே, அதுதான். "உங்க அக்கா அடிச்சா சட்டையைப் பிடிச்சு இழுக்கும். நீ அடிச்சா கதவைத் தட்டற மாதிரி இருக்கு" என்று பாடகர் எல்லார் முன்னாலும் சொல்கிறார். அடுத்த மாதம் பெரிய மைதானத்தில் கச்சேரி. அதற்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். எப்படி அடித்தாய்? சொல்லிக் கொடு அக்கா.

உன் செல்லக் குட்டி

மார்ச் 9

குட்டிக்கு,

பல் இரண்டு முளைத்து என்னைத்தான் கடிக்கிறது. லாண்டரியில் என் இஸ்திரி மேஜைக்கு மேலேயே ரேடியோ. பாட்டு முடிந்ததும் உன்னைப் புகழ்கிறார்கள். "அது என் கால்" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னேன். "அப்படியா, இந்தப் போர்வையைப் பிடி" என்றாள்.

ஏழாவது மாதத்தில் ரெக்கார்டிங் முடிந்த கையோடு, "மேடையில வயிறு நல்லா இருக்காது, ரெண்டு மாசத்துக்குத் தங்கச்சியை அனுப்பு" என்றார் பாடகர். அவர் தொப்பை என் வயிற்றைவிடப் பெரிது. அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ரெண்டு மாதம் பத்து மாதமாகிவிட்டது. "எப்ப வரே" என்று நீயும் கேட்கவில்லை. போகட்டும்.

பெடல் ஸ்பிரிங்கை நன்றாகத் தளர்த்து. அவ்வளவுதான் ரகசியம்.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி தளர்த்தினேன். பாதிப் பாட்டில் பெடல் மேலே எழும்பவே இல்லை. அடி தவறி, கிட்டார்காரர் நின்று என்னை முறைத்தார். கூட்டம் சிரித்தது. "பழைய டிரம்மரைக் கூப்பிடு" என்று ஒருவன் கத்தினான். வேறு ஏதாவது விட்டுவிட்டாயா? யோசித்துப் பார்.

குட்டி

மார்ச் 30

குட்டிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாவம். அவன் "பழைய டிரம்மர்" என்றானா, என் பெயரைச் சொன்னானா? சரியாக எழுது.

விட்டது ஒன்றுமில்லை. சிலருக்கு வராது, அதற்காக அழாதே. பாப்பாவைப் பக்கத்து மேஜைக்காரி ஒரு மாதம் பார்த்துக்கொள்வாளாம். சும்மா கேட்டுவைத்தேன்.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

அவன் உன் பெயரைத்தான் சொன்னான்.

உன் கடிதம் வந்த அன்றே பாடகரிடம் போய், "எனக்கு வராது, அக்காவையே கூப்பிடுங்க" என்றேன். சரி என்றார். சந்தோஷமாக உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேனா தேடி, நீ கொடுத்த டிரம் குச்சிப் பையைக் கவிழ்த்தேன். ரெக்கார்டிங் அன்று எடுத்த போட்டோ விழுந்தது. நீ பெரிய வயிற்றோடு டிரம்மை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறாய். பின்பக்கம் உன் கையெழுத்து: 'வயிறு இடிக்கிறது. ஸ்டூல் ஒரு சாண் பின்னால். கால் எட்டாமல் அடி பிந்துகிறது. பாடகருக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.'

ஸ்பிரிங்கை முறுக்கினேன். ஸ்டூலை ஒரு சாண் தள்ளினேன். முதல் தடவையே அந்த அடி விழுந்தது. பாடகர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். "வந்துடுச்சே! இனி உங்க அக்கா எதுக்கு?"

ஒரு மணி நேரம் முன்னால் கேட்டிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன். வாயைத் திறக்கவில்லை.

போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு என் முத்தம்.

டிரம்மர்