ஃபுல்லாவும் என் தொழுகை விரிப்பும்

ஸ்ஃபாக்ஸ்

மகனுக்கு ஸலாம்.

நீ விட்டுப்போன நாய் ஃபுல்லாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியும் பின்னங்கால்கள் எழவில்லை. மூத்திரமும் தானாக வராது. நான்தான் அடிவயிற்றை மெல்ல அமுக்கி எடுக்கிறேன். அதற்கென்றே ஒரு பழைய ஜுப்பா. பிறகு தொழுகைக்கு முன் குளியல்.

"நாயா நானான்னு மகனை வெரட்டுன மனுசன், இப்ப அதோட மூத்திரத்துக்குக் காத்துக் கெடக்குறாரு" என்கிறாள் உன் உம்மா.

இன்று அஸர் தொழுகைக்கு விரிப்பை விரித்தேன். ஃபுல்லா ஊர்ந்து வந்து, யாரும் அமுக்காமலே, அதன்மேல் பெய்துவிட்டது. தானாகப் போனால் தேறுகிறதென்று அர்த்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் உம்மா பதறி ஓடிவந்தாள்.

என் விரிப்பு மாடியில் காய்கிறது. அலமாரியிலிருந்த உன் விரிப்பில்தான் தொழுதேன்.

அதை இன்னும் மடித்து வைக்கவில்லை.

வாப்பா