ஆலங்குடாக் கரையில் மோதல், ஒருவர் காயம்

குறிஞ்சிப்பிட்டி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு

அன்பு மகன் ஃபஸ்லானுக்கு வாப்பா அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுறது. அல்லாஹ்ட கிருபையால நானும் உம்மாவும் சொகம், நான் குந்துற இடம் மட்டும்தான் நோவு. குவைத்துல நீயும் அப்பிடியே சொகமா இரிக்கணும், நோவு இல்லாம. கோல் எடுத்தா நீ கத்துறாய், என்னைப் பேச உடுறாய் இல்ல, அதான் கடுதாசியில எழுதுறன், உம்மா போட்டோ புடிச்சி அனுப்புவா. கடுதாசிக்குள்ள வந்து நீ கத்த ஏலாதுதானே.

உக்ரேன்ல ஏன் சண்டை, டொலர் ஏன் ஏறுது, இந்தச் செய்திக்குப் பின்னால யார் இரிக்கிறான் எண்டு தினமும் குடும்பக் குரூப்புல எங்களுக்கு வகுப்பெடுக்கிற பெரிய மனிசன் நீ. ஆலங்குடாவுல மீனவருக்கும் வெள்ளைக்காரருக்கும் மோதல், முதிய மீனவர் காயம் எண்டு என்ட படத்தோட வந்த செய்திக்குப் பின்னால என்ன இரிந்திச்சி எண்டு ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டியா? வாப்பாவை அடிச்சவனுகளை ஊருக்குள்ள எடுக்காதீங்க எண்டு தமிழ்லயும் இங்கிலீசிலயும் பேஸ்புக்குல போட்டுட்டாய், முந்நூறு பேர் பகிர்ந்திட்டானுகள்.

நடந்ததைக் கேளு. திங்கக்கிழம காலையில கரைவலை இழுத்துக்கொண்டிரிந்தோம், இடுப்புல பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில கடல்ல வழுக்கி ஓடுற வெள்ளைக்காரன் ஒருத்தன்ட பட்டம் வந்து எங்கட கயித்துல சிக்கிட்டு. ஓடி வந்து கழட்டினான், பொறகு பாவம் எங்களோட நிண்டு வலை கரை ஏறுமட்டும் இழுத்தான். கயித்துல கை வெச்சவன் யாரா இரிந்தாலும் கறி மீன் இல்லாமப் போகக்கூடாது, அது உனக்குத் தெரியும். நல்ல பாரை மீன் ஒண்டு குடுத்தன். அவன் மீனே தின்னமாட்டானாம், வேணாம் வேணாம் எண்டான். வெறுங்கையோட அனுப்பினா வலையில பறக்கத் இரிக்குமா, நாளைக்கு அல்லாஹ் மீன் தருவானா? தலைப்பக்கம் நான், வால்பக்கம் அவன், நான் அங்கால தள்ள அவன் இங்கால தள்ள, மீன் வழுக்கி நான் பின்னால கிடந்த கட்டைக்கு மேல விழுந்து குந்திட்டன். அந்த நேரத்துலதான் யாரோ படம் எடுத்திரிக்கிறான். பாத்தா எனக்கே சண்டை மாதிரித்தான் தெரியுது. அந்த மனிசன் ரெண்டு தரம் வீட்டுக்கு வந்து என்ட இடுப்பை விசாரிச்சிட்டுப் போனான்.

இனி நான் மறைச்சதைச் சொல்றன், உம்மாவுக்கும் நேத்துத்தான் தெரியும். பின்னேரம் செய்திக்காரப் பொடியன் வந்து என்ன நடந்திச்சி எண்டு கேட்டான். ஷைத்தான் என்ட நாக்குல ஏறிட்டான். மூஞ்சைத் தொங்கப்போட்டு, வெள்ளைக்காரன் அடிச்சிட்டான் தம்பி எண்டன். மீனால எண்டு சொல்லிச் சிரிக்க இரிந்தன், அதுக்குள்ள எழுதிக்கொண்டு மோட்டசைக்கிள்ல ஏறிட்டான். வெளியூர்ப் பொடியன், இந்த ஊரான் எண்டா என்ட பகிடி தெரியும், நான் சொன்னதை நம்பியிரிப்பானா? பேப்பர்ல படம் வந்த பெருமையில நானும் மூணு நாள் வாயைத் தொறக்கல்ல.

உன்ட மாமி மகள் சுல்பா கடற்கரையில வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு உட மூணு அறை கட்டி, கொரோனா, பெற்றோல் தட்டுப்பாடு எல்லாம் தாண்டி இந்த வருசந்தான் ஆக்களைக் கண்டாள். நீ போட்டதைப் பாத்து ரெண்டு கூட்டம் வரல்ல எண்டு அறிவிச்சிட்டு. நேத்துப் போய் எல்லாத்தையும் சொன்னன், சிரிப்பாள் எண்டு நெனச்சன். புதுப் பெட்ஷீட்டை மடிச்சி அலுமாரியில வெச்சிக்கொண்டு, மாமா நீங்க சிரிப்புக்குச் சொன்னீங்க, நான் இனி என்னத்தைச் சொல்லி அவங்களைக் கூப்பிட எண்டு கேட்டாள். வீட்டுக்கு வந்து உம்மாட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டன் மகன்.

அதால நீ போட்டதை அழி. அதே படத்தைப் போட்டு, இது என்ட வாப்பா மக்பூல், இவரை ஒருத்தரும் அடிக்கல்ல, வேணாம் எண்டவனுக்கு வம்பா மீன் குடுக்கப் போய் விழுந்தார், பொறகு செய்திக்காரனுக்குப் பொய் சொன்னார் எண்டு எழுது. இங்கிலீசிலயும் எழுது, சுல்பாட ஆக்கள் வாசிக்கணும். என்ட பேரைச் சின்னதாப் போட்டு மறைக்காத. ஊர் ஒரு மாசம் சிரிக்கும், சிரிக்கட்டும், இத்தனை வருசமா ஊரைப் பாத்து நான் சிரிச்சதுதானே.

நேரத்துக்குச் சாப்புடு, தொழுகையை உடாத, வெயில்ல தலையை மூடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும். நான் சொன்னதை இண்டைக்கு ராவு இஷாத் தொழுகைக்கு முன்ன செஞ்சிரு, சுல்பா போனைக் கையில வெச்சிக்கொண்டு இரிக்கிறாள்.

இப்படிக்கு,
யாரும் அடிக்காத உன்ட வாப்பா,
மக்பூல்